அவருடைய பாடக்குறிப்பை நீங்கள் ஏன் எழுதுகிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 39. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியை. பணியில் சேர்ந்து 14 வருடம் ஆகிறது. ஈராசிரியர் பள்ளி, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை என் பொறுப்பு. நாலரைக்கு எழுந்தால் படுக்கப் பதினொன்றரை ஆகிவிடுகிறது. எமிஸ் என்ற அரசின் பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு, பயிற்சி நூல் திருத்துவது, வாட்ஸ்அப்பில் வரும் படிவங்கள் என்று மூச்சுவிட நேரமில்லை. கணவரும் ஆசிரியர்தான், உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறார். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால் அவருடைய பாடக்குறிப்பையும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே எழுதிவிடுவேன், ஐந்து மணி நேரம்தான் ஆகும். ஏழாவது படிக்கும் மகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தருவாள். அதனால் அதில் சிரமமில்லை. போன வாரம் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சிலேட்டைக் கீழே போட்டதற்கு மேஜையைத் தட்டிக் கத்திவிட்டேன். பயத்தில் உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். அன்றிலிருந்து வகுப்புக்குள் போகவே பிடிக்கவில்லை. பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. யோகா, தியானம் பலன் தருமா? இல்லை, வேலையை விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்:

டீச்சர், நீங்கள் அனுப்பிய கடிதம் நாலு பக்கம். எமிஸுக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள், மாமியாருக்கு அரைப் பக்கம். கணவரின் பாடக்குறிப்புக்கு மூன்று வரி. அந்த மூன்று வரியிலும் ஒரு பெருமை தெரிகிறது: ‘அச்சடித்த மாதிரி.’ நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

ஐந்து மணி நேரம்தான் என்கிறீர்கள். பள்ளி நடக்கும் வாரங்கள் நாற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 200 மணி நேரம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஓர் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேர வேலை என்று சொல்கிறது. அதன்படி பார்த்தால், நாலு வாரத்துக்கும் மேலான முழு வேலையை வருடாவருடம் இன்னொருவருக்காகச் செய்து கொடுக்கிறீர்கள். அந்த இன்னொருவர் அரசாங்கத்திடம் அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறார். அதுவும் எந்த நாளில்? உங்களுக்கென்று வாரத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே நாளில்.

‘குடும்பம் என்றால் ஒருத்தருக்கு ஒருத்தர் உதவி செய்வதுதானே’ என்று நீங்கள் கேட்பீர்கள். குடும்பத்தை நம்புகிறவள்தான் நானும். புருஷன் பெண்டாட்டி கணக்குப் பார்த்துக் குடித்தனம் நடத்த முடியாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் எழுதிக் கொடுத்தால் அது உதவி. கை உடைந்து ஒரு மாதம் எழுதிக் கொடுத்தாலும் உதவி. வருடக்கணக்கில் எழுதிக் கொடுத்தால் அதற்கு உதவி என்று பெயர் இல்லை. நாலு பக்கக் கடிதத்தில் உங்கள் பயிற்சி நூல்களில் ஒன்றையாவது அவர் திருத்தினார் என்று ஒரு வரி தேடினேன். கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாடக்குறிப்பு என்பது அழகான கையெழுத்தைக் காட்டுகிற நோட்டு இல்லை. நாளைக்கு எந்தக் கேள்வியில் தொடங்கலாம், எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள், எந்தச் சோதனையைச் செய்து காட்டலாம் என்று ஓர் ஆசிரியர் முன்கூட்டியே யோசித்ததற்கான அத்தாட்சி அது. நானும் முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள். எழுதாமல் போன நாட்களில் என் வகுப்பு எப்படித் தடுமாறியது என்று எனக்குத் தெரியும். உங்கள் கணவர் யோசிக்காமலே ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைகிறார். அவர் யோசிக்கவில்லை என்பது தலைமை ஆசிரியருக்குத் தெரியாதபடி உங்கள் முத்துமுத்தான எழுத்து மறைத்துக்கொண்டிருக்கிறது. பாதிக்கப்படுவது உங்கள் தூக்கம் மட்டுமில்லை, அவர் வகுப்புப் பிள்ளைகளும்தான். ஆசிரியராக இருந்துகொண்டு இதற்கு நீங்கள் துணை போகலாமா?

அடுத்தது மகள். அவள் கோடு போட்டுத் தருகிறாள், அதனால் சிரமமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பன்னிரண்டு வயசுப் பெண், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்கேலும் பென்சிலுமாகத் தரையில் உட்கார்ந்து, அப்பாவின் நோட்டில் ‘கற்றல் விளைவுகள்’ ஒரு கட்டம், ‘செயல்பாடு’ ஒரு கட்டம், ‘மதிப்பீடு’ ஒரு கட்டம் என்று கோடு இழுத்துக்கொண்டிருக்கிறாள். அம்மா எழுதிக்கொண்டிருக்கிறாள். அப்பா எங்கே இருக்கிறார் என்று நீங்கள் சொல்லவில்லை. அந்தப் பெண் என்ன பாடம் படிக்கிறாள், யோசித்துப் பார்த்தீர்களா? நாளை அவளும் வேலைக்குப் போவாள், கல்யாணம் ஆகும். இன்னொரு வீட்டில் இன்னொருவருடைய வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு, ‘அதில் சிரமமில்லை’ என்று எழுதுவாள்.

உங்கள் வேலை சுலபம் என்று நான் சொல்லவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே அறையில் மூன்று நிலைப் பிள்ளைகளை, அதிலும் உங்களைப் போல மூன்று வகுப்பையும் சேர்த்து, ஒரு ஆள் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சிக்னல் கிடைக்காத ஊரில் வருகைப் பதிவு ஏறுகிற வரை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பதும் உண்மை. அதற்கெல்லாம் சங்கங்கள் போராட வேண்டும், அரசு ஆட்களைப் போட வேண்டும். நீங்களும் நானும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைச் சரிசெய்ய முடியாது. பாடக்குறிப்பை முடியும்.

நான் சொன்ன அந்த 45 மணி நேரத்தில் பாடத் தயாரிப்பும் அடக்கம் என்று சட்டமே சொல்கிறது. பள்ளியில் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் இருக்கிறீர்கள் என்றால் ஐந்து நாளைக்கு 35. மீதி பத்து மணி நேரம்தான் திருத்துவதற்கும் தயாரிப்புக்கும். இந்த ஒரு வாரம் ஒரு பழைய டைரியில் எழுதி வையுங்கள்: உங்கள் வேலைக்கு எத்தனை மணி நேரம், கணவர் வேலைக்கு எத்தனை, வீட்டு வேலைக்கு எத்தனை. எட்டு மணிக்கு மேல் வாட்ஸ்அப் குழுவில் வருகிற படிவத்தைக் காலையில் பார்த்தால் போதும்.

வேலையை விடுவதைப் பற்றி: விருப்ப ஓய்வுக்கு 20 வருடப் பணியோ 50 வயதோ ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் இல்லை. ராஜினாமாதான் வழி. அதை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? ‘இப்போதுதான் சும்மா இருக்கிறாயே’ என்று பாடக்குறிப்போடு இன்னும் நாலு நோட்டு வரும். யோகா செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் ஐந்து மணி நேரம் குனிந்து எழுதிய முதுகை அரை மணி நேரம் நிமிர்த்திவிட்டு மறுபடி குனிவதற்கு அது எதற்கு?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பணிச்சோர்வை விளக்கியபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது. சக்தி வற்றிப் போவது. வேலையிலிருந்து மனம் விலகி அதன் மேல் வெறுப்பு வருவது. முன்பு போல் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது. ‘பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல்’ என்று நீங்கள் எழுதியது இரண்டாவது. அது உங்கள் குணம் இல்லை, களைப்பு. ஆனால் அந்த ஆறு வயசுப் பையனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது டீச்சர் கத்தினார் என்பதும், எல்லோர் முன்னாலும் டவுசர் நனைந்தது என்பதும்தான். வீட்டு ஆட்களிடம் சொல்ல முடியாத கோபம் திருப்பிப் பேசத் தெரியாத குழந்தையிடம் போய் இறங்கியிருக்கிறது. இதை நான் மென்மையாகச் சொல்லப் போவதில்லை.

நாளைக்குப் போனதும் நாற்காலியில் உட்காராதீர்கள். பாயில் அவன் பக்கத்தில் உட்காருங்கள். ‘டீச்சர் அன்னிக்குத் தப்புப் பண்ணிட்டேன்’ என்று மற்ற பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். அவன் சிலேட்டில் அவனோடு சேர்ந்து ஓர் எழுத்து எழுதுங்கள். ஒரே நாளில் நெருங்கி வரமாட்டான், விடாதீர்கள். உங்களுக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416-ல் இலவசமாகப் பேசலாம். உங்கள் தற்செயல் விடுப்பு 12 நாளில் ஒன்றை அதற்கு எடுப்பதில் தப்பே இல்லை.

அப்புறம் கணவர். சண்டை போட வேண்டாம். சனிக்கிழமை காலையில், காபி குடிக்கும் நேரத்தில், மாமியார் முன்னாலேயே சொல்லுங்கள்: ‘இந்த வாரத்திலிருந்து உங்க நோட்ஸ நீங்களே எழுதிக்குங்க, என்னால முடியல.’ காரணத்தைப் பட்டியல் போடாதீர்கள். போட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். அவர் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் இருக்கட்டும். எழுதாமல் போய்த் திங்கட்கிழமை தலைமை ஆசிரியரிடம் பேச்சு வாங்கினாலும் வாங்கட்டும். நாற்பதைத் தாண்டிய மனிதர், ஒரு பேச்சு வாங்கினால் ஒன்றும் ஆகிவிடாது. ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்று கேட்டு நீங்கள் இரக்கப்பட்டால், பழைய கதைதான்.

மகளிடம் ஸ்கேலை வாங்கி அந்த நோட்டோடு சேர்த்து அவர் மேஜையில் வைத்துவிடுங்கள். ஞாயிறு மத்தியானம் அவளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கோ கோயிலுக்கோ போய் வாருங்கள். ராத்திரி ‘நோட்டு எங்கே?’ என்று அவர் கேட்பார். மேஜையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துப் படுங்கள்.