கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட கல்யாணப் படம்: பிய்க்காதீர்கள்

பிய்க்க வேண்டாம். அம்மா அப்பாவின் 50-வது கல்யாண நாளுக்குப் புது ஃபிரேம் போட, கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிக்காமலே கண்ணாடியோடு ஸ்கேன் செய்து புதுப் பிரதி போடுங்கள்.

படம் ஒட்டிக்கொள்ளக் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். மழைக்கால ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், பிய்த்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும் (எங்கள் வீட்டுப் படத்தில் சித்தப்பாவுக்கு இப்போது நெற்றியே இல்லை).

ஃபிரேமைக் கழற்றிவிட்டு, கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒட்டிய இடம் மட்டும் நனைந்த மாதிரி கருத்துத் தெரியும். அப்புறம் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஸ்கேனரில் வைத்து 600 டிபிஐயில் (ஸ்கேனின் நுணுக்க அளவு) எடுங்கள். மூடி சரியாக மூடாது, மேலே ஒரு கறுப்புத் துணி போட்டால் போதும்.

தண்ணீரில் ஊறவைத்தால் கழன்று வரும் என்பார்கள். சில படங்கள் வரும்தான், ஆனால் அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் அம்மாவின் கன்னத்துக்கும் புடவைக்கும் கையால் வண்ணம் தீட்டியிருந்தால் அது கரைந்து போகலாம், அதனால் ஸ்கேன் எடுக்கும் முன் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள்.

புதுப் பிரதி கண்ணாடியில் படாதபடி, இரண்டுக்கும் நடுவே மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் வெட்டிய அட்டை) வைக்க ஃபிரேம் போடுபவரிடம் சொல்லுங்கள்.