ட்ரெட்டினாயின் தடவினால் தோல் ஏன் உரிகிறது?
பருவுக்கு ட்ரெட்டினாயின் தடவி இரண்டு வாரத்தில் தோல் உரிகிறது, நிறுத்தலாமா என்று கடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். லேசாக உரிந்தால் பயப்பட வேண்டாம், ஆரம்பத்தில் சகஜம்தான்.

வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் இந்த மருந்து, தோல் செல்லின் உட்கருவுக்கே போய் அங்குள்ள ஏற்பிகளில் (மருந்தின் சேதியை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்) ஒட்டிக்கொள்கிறது. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதே அதனால் மாறுகிறது. மேல்தோலின் அடியில் புதிய செல்கள் வேகமாக உருவாகின்றன. மேலே இறந்த செல்கள் பிடி தளர்ந்து உதிர்கின்றன. அதனால் மயிர்க்கால் துளை அடைபடுவதும் குறைகிறது. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பொறுமை இல்லாமல் பாதியில் விடுபவர்கள் பலர்!

இரவில், பட்டாணி அளவு போதும். எரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள். சரி, உங்கள் ஊர் சில்வர் பீச் வெயிலுக்கு சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பிணிகள் தடவக் கூடாது.