அமெரிக்காவில் வீடு புகுந்து திருடியவன் பிடிபட்டால் கவுண்டி கோர்ட்டில் வழக்கு எப்படி முடியும்? என்ன தண்டனை கிடைக்கும்?

கேள்வியைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் நகை போயிருக்கிறது, ஆளும் மாட்டியிருக்கிறான், அரசு வக்கீல் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். சும்மா இருக்கிறவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். நான் வக்கீல் இல்லை, ஐடியில் குப்பை கொட்டுகிறவன். எனக்குத் தெரிந்தது நியூயார்க் மாநிலம், அதிலும் நகரத்துக்கு வெளியே ஒரு கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட். டெக்சாஸில் அப்படி இல்லை, நியூஜெர்சியில் இப்படி இல்லை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம் என்பது எனக்கும் தெரியும்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் குற்றம் செய்யும் எண்ணத்தோடு அத்துமீறி நுழைந்தாலே இரண்டாம் நிலை பர்க்லரி, அதாவது கட்டிடம் புகுந்த குற்றம். வீடு பூட்டிக் கிடந்தாலும், பட்டப்பகலாக இருந்தாலும், யார் மேலும் கை படாவிட்டாலும் சட்டக் கணக்கில் அது வன்முறைக் குற்றம்தான். முதல் தடவை மாட்டுகிறவனுக்கே மூன்றரை வருடத்திலிருந்து 15 வருடம் வரை. கடை, ஆபீஸ் என்றால் மூன்றாம் நிலை, அதிகபட்சம் 7 வருடம், சிறைக்கே போகாமல் ப்ரொபேஷனில், அதாவது வெளியே கண்காணிப்பில் இருந்து, தப்பிக்கவும் வழி உண்டு. ஆயுதத்தோடு வீடு புகுந்தாலோ உள்ளே யாரையாவது காயப்படுத்தினாலோ முதல் நிலை, 25 வருடம் வரை போகும். புத்தகத்தில் இருப்பது இதுதான். கோர்ட் வராந்தாவில் நடப்பது வேறு.

நாங்கள் ஒரு சீமந்தத்துக்குப் பக்கத்து மாநிலம் போய்த் திரும்புவதற்குள் பின்பக்கக் கண்ணாடிக் கதவை உடைத்திருந்தார்கள். டிவி, லேப்டாப் எதையும் தொடவில்லை. அலமாரியைக் காலி செய்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போயிருக்கிறான். அரிசி டப்பா, துவரம்பருப்பு, புளி ஜாடி எல்லாவற்றையும் தரையில் கொட்டிக் கிளறியிருந்தான். நம் ஆட்கள் தங்கத்தை எங்கே ஒளிப்பார்கள் என்று தெரிந்தே வருகிறார்கள், டிடெக்டிவும் அதைத்தான் சொன்னார். மாமியார் கொடுத்த அட்டிகை, மனைவியின் ஆரம், சில வளையல்கள் போச்சு. போலீஸ் போட்டோ எடுத்து முடித்த பிறகு அந்த அரிசியை வாரும்போது ஒற்றை ஜிமிக்கி கிடைத்தது. பிறகு வேறொரு வீட்டை உடைக்கும்போது பிடிபட்ட ஒருவனின் காரில், சீட்டுக்கு அடியில், அதன் ஜோடி இருந்தது. எங்கள் வழக்கே அந்த ஜிமிக்கியில்தான் நின்றது.

ஆள் காவலில் இருந்தால் ஐந்தாறு நாளுக்குள் வழக்கை கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்ட ஆதாரம் போதுமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) முன்னால் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் விட வேண்டிவரும். அதனால் என்னை அவசரமாகக் கூப்பிட்டார்கள். கோட்டு டை எல்லாம் மாட்டிக்கொண்டு போனால், வீட்டு முகவரி, ஜிமிக்கி உங்களுடையதா, அப்புறம் "இந்த நபருக்கு உங்கள் வீட்டுக்குள் நுழைய அனுமதி கொடுத்தீர்களா?" இல்லை என்றேன். அவ்வளவுதான், போகலாம் என்றார்கள்.

அப்புறம் பல மாதம் சத்தமே இல்லை. திடீரென்று அரசு வக்கீல் போன் செய்து, பர்க்லரி 'முயற்சி' என்று ஒப்புக்கொள்கிறான், நான்கு வருடம் என்று பேசி முடித்திருக்கிறோம் என்றார். நகையை வாரிக்கொண்டு போனவன் முயற்சிதான் செய்தானாம்! விஷயம் என்னவென்றால், முயற்சி என்று போட்டால் குற்றம் ஒரு படி இறங்கும், 2 முதல் 7 வருடம். இவன் மேல் ஏற்கெனவே ஒரு பழைய குற்றத் தீர்ப்பு இருந்ததால் குறைந்தபட்சம் 3. அதில் பேரம் பேசி 4, வெளியே வந்த பிறகு 5 வருடக் கண்காணிப்பு. உள்ளே ஒழுங்காக இருந்தால் ஏழில் ஒரு பங்கு கழியும், ஆக சுமார் மூன்று வருடம் ஐந்து மாதம். அதிலும் விசாரணைக் காவலில் இருந்த நாள் கழியும்.

இப்படிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பிளீ பேரமே தப்பு என்று நான் சொல்லவில்லை. அவன் உள்ளே நுழைந்ததை யாரும் பார்க்கவில்லை, ஒரு ஜிமிக்கியை வைத்துக்கொண்டு ஜூரியிடம் போனால் "யாரிடமோ வாங்கினேன்" என்பான். இந்த நாட்டு உச்ச நீதிமன்றமே 2012-ல் ஒரு தீர்ப்பில் எழுதியிருக்கிறது, மாநில கோர்ட்டுகளில் வரும் குற்றத் தீர்ப்புகளில் 94 சதவீதம் இப்படி ஒப்புக்கொண்டு வருவதுதான் என்று. என் கோபம், முடித்துவிட்டுச் சொன்னார்களே தவிர முடிப்பதற்கு முன் கேட்கவில்லை என்பதில். வழக்கு மாநில மக்களுக்கும் அவனுக்கும் இடையில்தான். நகையைப் பறிகொடுத்த நாம் வெறும் சாட்சி.

தண்டனை சொல்லும் நாளில் பேச உங்களுக்கு உரிமை உண்டு, அதை விடாதீர்கள். என் மனைவி பேசினாள். "அட்டிகை" என்றதும் ஸ்டெனோகிராபர் கை தூக்கி நிறுத்தி, எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். அவள் நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிட்டு, அது தன் அம்மா கல்யாணத்துக்குப் போட்டது என்று தொடர்ந்தாள். அவன் தன் வக்கீலிடம் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். எத்தனை வருடம் என்பது ஏற்கெனவே முடிவானது, அவள் பேச்சால் ஒரு நாள்கூடக் கூடவில்லை. இருந்தாலும் அவள் பேசியதில் எனக்குப் பெருமைதான். நீங்கள் பேரம் முடிவதற்கு முன்பே அரசு வக்கீலுக்கு எழுத்தில் உங்கள் கருத்தை அனுப்பிவிடுங்கள். கிடைத்த பொருளையும் வழக்கு முடியும்வரை விட்டுவைக்க வேண்டியதில்லை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பித் தரச் சட்டத்தில் வழி இருக்கிறது. கேட்டால்தான் நடக்கும்.

இழப்பீட்டுக்கும் உத்தரவு போட்டார்கள். சிறையில் இருக்கிறவன் என்ன சம்பாதிப்பான், எப்போதாவது ஒரு செக் வருகிறது, அதை வங்கியில் போடவே கூச்சமாக இருக்கிறது.

திருடனைவிட என்னை அதிகம் எரிய வைத்தது இன்சூரன்ஸ்காரர்கள்தான், இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். சாதாரண வீட்டு பாலிசியில் திருட்டுப்போன நகைக்குப் பெரும்பாலும் 1,500 டாலர்தான் உச்சவரம்பு, எத்தனை சவரன் போனாலும் சரி. அந்த 1,500-க்கும் மாமியார் காலத்து அட்டிகைக்கு ரசீது எங்கே என்று மெயில் மேல் மெயில். செய்கூலி சேதாரம் என்றால் என்னவென்று விளக்கிப் பார்த்தேன், உருக்கினால் என்ன வருமோ அதுதான் கணக்கு என்றார்கள். இதற்கு நடுவில் ஊரிலிருந்து சகலை போன் செய்து, "ஏன் தம்பி, அங்கெல்லாம் பேங்க் லாக்கர் கிடையாதா?" என்கிறார். அண்ணே, இங்கே பல வங்கிகள் புதிதாக லாக்கர் தருவதையே நிறுத்திவிட்டன, இருக்கிற கிளையில் வெயிட்டிங் லிஸ்ட் என்றேன். நம்பவில்லை. நகைக்குத் தனியாக ஒரு பாலிசி சேர்க்க முடியும், இப்போது மிச்சமிருக்கும் நாலு வளையலுக்கும் அந்த ஜிமிக்கி ஜோடிக்கும் போட்டு வைத்திருக்கிறோம்.