உழவர் கேள்வி – பதில்: சூட்டுக்காற்றில் நெல் காயவைத்தல்

கேள்வி: தை மாதம் மெசினால் வெட்டிய நெல்லை மழைக்காரால் வீதியில் காயவிட முடியவில்லை. தட்டு உலர்த்தியில் (சல்லடையில் பரப்பிய நெல்லுக்குக் கீழிருந்து சூட்டுக்காற்றை ஊதும் பொறி) போட்டோம். அடிநெல் முறுகிவிட்டது, மேல்நெல் ஈரமாகவே கிடந்தது. ஆலையில் பாதி குறுணலாகிவிட்டது. ஏன்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: சூடான காற்று கீழிருந்து ஏறுவதால் அடிநெல்தான் முதலில் காயும். 30 சென்ரிமீற்றருக்கு மேல் நெல்லைக் குவிக்காதீர்கள். அடிநெல் முறுகும்வரை பொறுக்காமல், இடையில் ஓரிரு தடவை மேல்கீழாகப் புரட்டுங்கள். மிகையாகக் காய்ந்த மணி ஈரநெல்லோடு கலந்தால் மறுபடி ஈரத்தை உறிஞ்சி வெடிக்கும். உங்கள் குறுணலுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அந்த வெடிப்பு உமிக்குள் மறைந்திருக்கும், ஆலையில்தான் தெரியவரும்.

சூட்டை அடுப்பருகே அளக்காமல், நெல் கிடக்கும் சல்லடைக்குக் கீழே அளவுங்கள். 43 பாகை செல்சியஸைத் தாண்டவேண்டாம்; விதைநெல் என்றால் கட்டாயம் தாண்டக்கூடாது, முளைதிறன் போய்விடும். மணிக்கு 1 சதவீதம் ஈரம் குறைந்தாலே போதும். அவசரப்பட்டு விறகைத் திணிப்பதுதான் பெரிய பிழை.

அரிசிக்கு 14 சதவீதத்தில் நிறுத்துங்கள், விதைக்கு 12–13. நெல் ஆறியபின் ஈரப்பதன் பாருங்கள், ஆறியபின்னரே சாக்கில் கட்டுங்கள். 22 சதவீத ஈரத்தில் 1000 கிலோ, 14க்கு வரும்போது ஏறத்தாழ 907 கிலோ, குறைந்தது தண்ணீர்தான்.

உலர்த்தி கிடைக்கத் தாமதமானால் ஈரநெல்லைச் சாக்கில் அடைத்து வைக்காதீர்கள். கூரைக்குக் கீழ் மெல்லிதாகப் பரப்பி, சூடாக்காத காற்றையாவது ஓட விடுங்கள். இல்லையேல் புழுங்கி அரிசி மஞ்சளாகும்.