எல்.இ.டி. போட்டால் சிக்னல் ஏன் மின்னவில்லை?

கேள்வி: 1962 மொரிஸ் மைனர் காரின் பின்விளக்கு, சிக்னல்களுக்கு எல்.இ.டி. மின்குமிழ் போட்டேன். ஒன்றுமே எரியவில்லை. பழையதைப் போட்டால் எல்லாம் சரி. என்ன பிழை? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: மின்குமிழில் பிழை இருக்காது. மொரிஸ் மைனரில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் காரின் இரும்பு பொடிக்குப் போகிறது; இதுதான் 'பொசிட்டிவ் எர்த்'. இழை மின்குமிழுக்குத் திசை கிடையாது, எல்.இ.டி.க்கு உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை, நெகட்டிவ் முனை பொடிக்குப் போகும் 'நெகட்டிவ் எர்த்' கார்களுக்கானவை. 'பொசிட்டிவ் எர்த்' அல்லது இரு திசையிலும் எரியும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அப்போதும் சிக்னல் மின்னாது, நின்றே எரியும். சிக்னலை மின்னவைக்கும் சிறு கருவியான பழைய பிளாஷருக்குள் இருக்கும் கம்பி சூடாகித்தான் விட்டுவிட்டு எரியவைக்கிறது. ஒரு பக்கத்து இரண்டு 21 வாட் மின்குமிழ்களும் சேர்ந்து சுமார் 3.5 ஆம்பியர் இழுக்கும். எல்.இ.டி. இழுப்பது அதில் சிறு பங்கு, கம்பி சூடாவதில்லை. பொசிட்டிவ் எர்த்துக்கான எலக்ட்ரோனிக் பிளாஷரை மாற்றுங்கள். சிலர் பழைய பிளாஷரையே வைத்து, கூடுதல் மின்சாரம் இழுக்க ரெசிஸ்டர் (மின்தடை) பூட்டச் சொல்வார்கள். அது கையைச் சுடும், மிச்சமாகும் மின்சாரமும் அதிலேயே போய்விடும்.

சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.இ.டி.யே போடுங்கள், வெள்ளை மங்கும். பிரேக்கை மிதிக்கும்போது பின்விளக்கு தெளிவாகக் கூடி எரிகிறதா என்று பகலிலும் பாருங்கள். ஹோல்டரில் துரு இருந்தால் முதலில் எமரி தாளால் தேயுங்கள்.