பெல்ட் மாற்றிய பிறகும் கீச்சுச் சத்தம் போகவில்லை, அடுத்து எதைப் பார்ப்பது?

என்ஜின் ஓட்டத்தில் மற்ற பாகங்களைச் சுற்றவைக்கும் பெல்ட்டைப் புதிதாகப் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி கீச்சிடுகிறது, சக்கரமா பெல்ட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். "பெல்ட் தரம் சரியில்லை, வேறு போடலாம்" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து உடனே இன்னொன்று வாங்காதீர்கள். நான் வாங்கினேன், ஏழு மாதத்தில் மூன்று.

முதலில் சக்கரமா என்ஜினா என்று பிரித்துவிடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதியுங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்து என்ஜின் வேகத்தோடு ஏறினால் அது சக்கரம் இல்லை. ஓடும்போது மட்டும் வந்தால் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். சத்தம் நின்றாலோ மாறினாலோ பிரேக் பேடைப் பார்த்தாக வேண்டும். பேட் தேய்ந்து முடியும் நேரத்தில் டிஸ்கில் உரசிக் கத்த வேண்டும் என்றே பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சக்கர பேரிங் போனால் பெரும்பாலும் கீச்சு வராது, இரைச்சல்தான் வரும். வளைவில் திரும்பும்போது கூடும் அல்லது குறையும்.

என் வண்டியில் நின்ற இடத்திலேயே வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் குருவி கத்துவதுபோல, விட்டு விட்டு. முதல் பெல்ட் மாற்றியதும் பத்து நாள் அமைதி. இரண்டாவது தடவை பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும். மூன்றாவது பெல்ட்டும் கத்தியபோது அதன்மேல் ஏதோ ஸ்பிரே அடித்து அனுப்பினார்கள். அந்தப் பிசுபிசுப்பில் தூசி ஒட்டியதுதான் மிச்சம்.

கடைசியில் நானே பானட்டைத் திறந்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டு, எட்ட நின்று, ஓடும் பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சினேன். சத்தம் சட்டென்று நின்றது, காய்ந்ததும் திரும்ப வந்தது. அப்படி வந்தால் பெல்ட் ஓடும் உருளைகளான புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை என்று சந்தேகப்பட வேண்டும். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, டென்ஷன் போதவில்லை.

என்ஜினை அணைத்துவிட்டு, என்ஜினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்பின் புல்லிக்கும் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் புல்லிக்கும் குறுக்கே ஒரு இரும்பு ஸ்கேலை வைத்தேன். ஆல்டர்னேட்டர் பக்கம் ஒரு நாணயம் தாராளமாக நுழைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், மேல் போல்ட்டுக்குப் பின்னால் தடித்த வாஷர் ஒன்று இருந்த இடத்தில் துருப்பிடிக்காத வட்டத் தடம் மட்டும் இருக்கிறது, வாஷரைக் காணோம். அதற்கு முந்தைய வருடம் ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டிய இடத்தில் விட்டுப்போனது. அதே கனத்தில் ஒரு வாஷர் போட்டுப் பூட்டினேன். இரண்டு வருடமாகிறது, மூன்றாவது பெல்ட்தான் இன்னும் ஓடுகிறது.

மெக்கானிக் தொழிலில் இருப்பவர்கள் கோபிக்க வேண்டாம், எல்லா வண்டிக்கும் வாஷர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லியின் பேரிங் போயிருக்கலாம், குளிர்விக்கும் நீரான கூலண்ட் கசிந்து பெல்ட்டில் பட்டிருக்கலாம். பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினால் கரகரப்பது எது என்று விரலுக்கே தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவதுதான் எனக்கு வலிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். பல வண்டிகளில் வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. அறுந்தால் என்ஜின் கொதித்துவிடும். அப்படியிருக்க, இப்போது வரும் பல வண்டிகளில் வெப்பம் காட்டும் முள்ளை எடுத்துவிட்டு ஒரு விளக்கை மட்டும் வைக்கிறார்கள். முள் ஏறுவதைப் பார்த்தே ஓரங்கட்டி என்ஜினைக் காப்பாற்றியவன் நான். சிவப்பு விளக்கு எரியும்போது நேரம் கடந்திருக்கலாம். ஒரு முள்ளில் என்ன மிச்சம் பிடிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கழற்றிய பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். என் முதல் இரண்டையும் நான் கேட்கவே இல்லை, அவர்களும் தரவில்லை. ஒரு விளிம்பு மட்டும் மழமழவென்று தேய்ந்தோ நூல் பிரிந்தோ இருந்தால், அடுத்த பெல்ட்டுக்கு முன் புல்லிகளை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.