எது கடைசிப் பிரதி என்றே தெரியவில்லையா?

நாவலின் இருபத்தெட்டு அத்தியாயங்களும் ஒரே வேர்ட் கோப்பில், சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எழுதியவை தனியாக, எது கடைசிப் பிரதி என்றே தெரியவில்லை, நாவல் எழுதுவதற்கான ஸ்கிரிவனர் மென்பொருளை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

உடனே வாங்காதீர்கள். அது விண்டோஸ், மேக், ஐபோன், ஐபேடுக்குத்தான் இருக்கிறது. உங்கள் கைப்பேசியில் ஓடாது. முதலில் வேர்டிலேயே ஒவ்வொரு அத்தியாயத் தலைப்புக்கும் 'ஹெட்டிங் 1' என்ற ஸ்டைலைக் கொடுங்கள். 'வியூ'வில் 'நேவிகேஷன் பேன்' திறந்தால் அத்தியாயங்கள் இடப்பக்கம் வரிசையாக நிற்கும். தலைப்பைப் பிடித்து இழுத்தால் அத்தியாயம் முழுக்க இடம் மாறும். பாதித் தலைவலி இதிலேயே போய்விடும்.

மீதி, பழக்கம்தான். ரயிலில் புதுக் காட்சி மட்டும் எழுதுங்கள், பழையதைத் தொடாதீர்கள். திருத்தமெல்லாம் வீட்டுக் கணினியில். நான் பாசிர் ரிஸிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் போகும் வழியில் திருத்தி, வீட்டிலும் திருத்தி, ஒரு கல்யாணக் காட்சியையே தொலைத்தேன். மறுபடி எழுதியபோது மாப்பிள்ளை பெயர் மாறிவிட்டது! அதை நண்பர் ஒருவர்தான் கண்டுபிடித்தார்.

ரயிலில் எழுதியதை அன்றிரவே மூலக்கோப்பில் ஒட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போட்டு ஒரு நகல் எடுங்கள். அப்போதுதான் பட்டியலில் ஒழுங்காக அடுக்கி நிற்கும். நகல் வேறொரு இடத்திலும் இருக்கட்டும்.

அப்புறமும் ஸ்கிரிவனர் ஆசை இருந்தால், 30 நாள் இலவசமாகப் பார்க்கலாம். திறக்கும் நாள்கள் மட்டுமே கணக்கு. சனி, ஞாயிறு மட்டும் எழுதினால் பதினைந்து வாரம் ஓடும்.